ராடிக்கல் கட்சி தீவிரவாதக் கட்சியா?

பிழை பார்த்துத் தரச் சொல்லி வந்த மொழிபெயர்ப்பு ஒன்றில் மறுபடியும் அதே சொல்: 'பிரான்சின் தீவிரவாதக் கட்சி'. இந்த வருடத்தில் மூன்றாம் முறை. எட்டிப் பார்த்த அக்கா மகள், "தீவிரவாதிங்க எப்படி மாமா பிரதமர் ஆனாங்க?" என்றாள்.

சொல்ல வந்தது ராடிக்கல் கட்சி. லத்தீனில் 'ராடிக்ஸ்' என்றால் வேர். வேரிலிருந்தே சீர்திருத்தம் கேட்டவர்களுக்கு இங்கிலாந்தில் வந்த பெயர் அது. 1835இல் பிரான்சில் தன்னைக் குடியரசுவாதி என்று சொல்லிக்கொள்வதே குற்றமானது. அந்தக் குடியரசுவாதிகள் இந்தப் பெயரை இரவல் வாங்கிக்கொண்டார்கள். 1901இல் அதுவே கட்சியானது.

அகராதியில் 'தீவிர' என்றுதானே இருக்கிறது என்பார்கள். இருக்கிறது. திலகரையும் வ.உ.சி.யையும்கூட மிதவாதிகளுக்கு எதிர்ப்பக்கம் நிறுத்தித் தீவிரவாதிகள் என்றுதான் படித்தோம். இன்றைக்கு வெடிகுண்டு இல்லாமல் அந்தச் சொல் செய்தித்தாளில் நுழைவதில்லையே! இந்தக் கட்சிக்காரர்கள் யார்? ஊர் டாக்டர், பள்ளி வாத்தியார், வக்கீல், சின்னக் கடைக்காரர். இதயம் இடப்பக்கம், பணப்பை வலப்பக்கம் என்று பிரெஞ்சுக்காரர்களே இவர்களைக் கேலி செய்வார்கள். முள்ளங்கி என்றும் சொல்வதுண்டு: வெளியே சிவப்பு, உள்ளே வெள்ளை. (அந்த ஊர் முள்ளங்கி கோலிக்குண்டு மாதிரி இருக்கும், வெண்ணெய் தொட்டுத் தின்பார்கள். அதன் பிரெஞ்சுப் பெயரும் அதே லத்தீன் வேரிலிருந்து வந்ததுதான்.)

இன்னொரு கோஷ்டி 'அடிப்படைவாதக் கட்சி' என்கிறது. வேர் என்றால் அடிப்படைதானே என்ற கணக்கு. இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடிப்படைவாதம் என்றதும் தமிழில் மதம்தான் முன்னால் வந்து நிற்கிறது. இவர்களோ மதகுருமாரோடு மல்லுக்கு நின்றவர்கள். 1902இல் பிரதமரான எமில் கோம்ப், குருமடத்தில் படித்துவிட்டு வந்தவர். துறவற சபைகள் நடத்திய பள்ளிகளை ஆயிரக்கணக்கில் மூடினார். 1905இல் அரசையும் திருச்சபையையும் பிரித்த சட்டத்துக்குப் பின்னால் நின்ற பெரும்பலம் ராடிக்கல்கள். அவர்களைப் போய் அடிப்படைவாதி என்றால்? அகராதியைத் திறக்கிற கை வரலாற்றையும் ஒரு பக்கம் புரட்டக் கூடாதா?

சரி, 'மூலக் கட்சி'? வர்க்கமூலத்தில் இருக்கிற அதே மூலம்தான், பொருளும் பொருந்தும். ஆனால் கேட்டவர் லேகியம் வாங்கிக் கொடுத்துவிடுவார்.

என் கட்சி இது. 'வேரடி மண்ணோடு' என்கிறோமே, அந்த வேரடியை எடுத்துக் கொள்கைக்கு 'வேரடிச் சீர்திருத்தம்' என்று வைக்கலாம். கட்சிப் பெயரை ராடிக்கல் என்றே விட்டுவிடலாம். காங்கிரசைப் பேராயம் என்று எழுதுபவர்கள் எத்தனை பேர்? மேலும், அந்தக் கட்சியே வேரை எப்போதோ விட்டுவிட்டது. 1940இல் ஜெர்மனியிடம் தோற்ற கையோடு, மார்ஷல் பெத்தேனுக்கு முழு அதிகாரம் தர இவர்களில் பெரும்பாலோர் கை தூக்கினார்கள். போருக்குப் பிறகு கட்சி சுருங்கியது. நடுவில் மெந்தேஸ் பிரான்ஸ் என்ற தலைவர் ஒருவர் தலைநிமிர வைத்தார். 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்தபோது பாரிசில் பிரதமர் அவர்தான். 1972இல் சோஷலிஸ்டுகளோடும் கம்யூனிஸ்டுகளோடும் சேர்வதா என்ற சண்டையில் கட்சி இரண்டாக உடைந்து, இடதுசாரிகள் தனியே போனார்கள். மிச்சம் வலப்பக்கம் சாய்ந்தது.

பதினோரு இடத்தில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் காரணமும் எழுதி அனுப்பினேன். அச்சாகி வந்ததில் 'தீவிர ராடிக்கல் கட்சி' என்று இருக்கிறது.