மாத்திரையைக் கூட்டியும் டி.எஸ்.எச். ஏன் இறங்கவில்லை?

கம்பத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். விடிகாலை ஜீப்பில் குமுளிப் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறவர். தைராய்டு குறைவுக்கு 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறார். அசதி தீரவில்லை என்று டாக்டரைக் கேட்காமலே ஒன்றரை மாத்திரை ஆக்கிவிட்டார். ஐந்து நாள் கழித்து ரத்தம் கொடுத்துப் பார்த்தால், தைராய்டு குறைந்தால் ஏறுகிற டி.எஸ்.எச். என்ற ஹார்மோன் கொஞ்சம்தான் இறங்கியிருக்கிறது. இன்னும் அரை மாத்திரை கூட்டலாமா என்பது கேள்வி.

வேண்டாம். எழுதிக் கொடுத்த அளவுக்கே திரும்பிவிட்டு, நடந்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். ஏன் என்பதை விளக்குகிறேன்.

தைராய்டு சுரப்பி டி4, டி3 என்ற ஹார்மோன்களைத் தருகிறது. அவை குறைந்தால் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, டி.எஸ்.எச்.சை அதிகம் விட்டு சுரப்பியை முடுக்குகிறது. பள்ளியில் படித்ததுதான். மாத்திரையில் இருப்பது டி4.

இந்த டி4 ரத்தத்தில் தனியாகத் திரிவதில்லை. 10,000 மூலக்கூறுகள் இருந்தால் சுமார் 3 மட்டும்தான் தனியாக இருக்கும். மிச்சம் அத்தனையும் ரத்தப் புரதங்களைப் பற்றிக்கொண்டு சுற்றும். பற்றிக்கொண்டிருக்கும்வரை அது செல்லுக்குள் போகாது, எளிதில் கழியவும் செய்யாது. அந்த 3 செலவாகச் செலவாக, புரதம் தன் கையிருப்பிலிருந்து விட்டுக்கொடுக்கும். பாராசிட்டமால் இரண்டு மூன்று மணி நேரத்தில் ரத்தத்தில் பாதியாகிவிடும். டி4 பாதியாக ஏறத்தாழ 7 நாள் ஆகிறது. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் உடம்பு தடுமாறாமல் இருப்பது இதனால்தான். எனக்கு அலுக்கவே அலுக்காத ஏற்பாடு இது.

இப்போது கணக்கைப் பாருங்கள். இன்று அளவைக் கூட்டினால், வரவேண்டிய உயர்வில் பாதிதான் முதல் வாரக் கடைசியில் வந்திருக்கும். இரண்டாம் வாரம் 75 சதவீதம், மூன்றாம் வாரம் 87, ஐந்தாம் வாரம் போல 97. ஐந்தாம் நாளில் 40 சதவீதம்கூட வந்திருக்காது. அதற்குள் இன்னொரு அரை மாத்திரையை ஏற்றினால், முதலில் கூட்டியதே முழுதாக வந்து சேராத நிலையில் அதன்மேல் இன்னொன்றை அடுக்குகிறீர்கள்.

பிட்யூட்டரியின் கதை தனி. டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்காக ஏறுவதில்லை, ஏறக்குறைய 100 மடங்கு ஏறுகிறது. அவ்வளவு நுட்பமாகக் கவனிக்கும் உறுப்பு, நெடுநாள் முடுக்கிவிட்ட பிறகு அடங்குவதற்கு மட்டும் வாரக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். டாக்டர்கள் பெரும்பாலும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராமாகத்தான் கூட்டிக் குறைப்பார்கள். ஒன்றரை மாத்திரை என்பது ஒரே தாவலில் 37.5.

தேவைக்கு மேல் போனால் முதலில் சுறுசுறுப்பாகக்கூட இருக்கும், எடை இறங்கும், மருந்து வேலை செய்கிறது என்று சந்தோஷமாக இருக்கும். ஆனால் மாதக்கணக்கில் அப்படியே போனால் இதயத் துடிப்பு தாளம் தவறலாம். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு தேயலாம்.

நிறுத்துகிறவர்களுக்கும் இதே மயக்கம்தான். மாத்திரையை விட்டுவிட்டு கொத்தமல்லித் தண்ணீர் குடிக்கிறார்கள். முதல் ஒன்றிரண்டு வாரம் ஒன்றும் ஆகாது. தைராய்டு போயே போச்சு என்று ஊரெல்லாம் சொல்லிவிடுகிறார்கள். அந்த நாட்களில் உடம்பை ஓட்டியது பழைய மாத்திரையின் கையிருப்பு. பெயர் கொத்தமல்லிக்குப் போகிறது. இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் மாதங்கள் கழித்து முகம் வீங்கி, குரல் கரகரத்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் இவர்கள்தான்.

சரி, அசதிக்கு என்ன செய்வது? மாத்திரையை எப்போது போடுகிறீர்கள் என்று முதலில் பார்க்க வேண்டும். வெறும் வயிற்றில் போட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் சும்மா இருந்தால்தான் குடல் அதை ஒழுங்காக உறிஞ்சும். ஜீப் வந்து ஹாரன் அடிக்கும் நேரத்தில் மாத்திரையைப் போட்டு, கையோடு டீயையும் குடித்தால் ஒரு பங்கு வீணாகிறது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி வேண்டும். ரத்தசோகை இருந்தாலும் இதே அசதிதான் வரும், ஹீமோகுளோபினையும் பார்த்துவிடுங்கள்.

நெதர்லாந்தில் நடந்து 2010இல் வெளியான ஓர் ஆய்வில், காலைக்குப் பதில் இரவு படுக்கும்போது போட்டவர்களுக்கு டி.எஸ்.எச். இன்னும் நன்றாக இறங்கியது. இருட்டோடு கிளம்பி மலையேறும் நம் பெண்களிடம் இப்படி ஓர் ஆய்வு நடத்த அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் கருத்து. பெரிய செலவில்லை, பலன் தேனி மாவட்டத்துக்கும் இடுக்கிக்கும் சேர்த்தே கிடைக்கும். அதுவரை, சாப்பிட்டு 3 மணி நேரம் கழித்து இரவில் போடலாமா என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். படபடப்போ நெஞ்சு அடைப்போ இருந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே போங்கள். கர்ப்பம் என்று தெரிந்தாலும் அப்படியே, அப்போது மருந்தின் தேவை முதல் சில வாரங்களிலேயே கூடிவிடும்.