தனியாகக் கிடக்கும் மான்குட்டி அநாதை அல்ல

மே, ஜூன் வந்தால் வனவிலங்கு மருத்துவர்களாகிய எங்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் அழைப்பு இது: "புல்வெளியில் மான்குட்டி ஒன்று தனியாகக் கிடக்கிறது, தாயைக் காணோம், எடுத்து வரட்டுமா?" வேண்டாம். தயவுசெய்து தொடாதீர்கள்.

ஐரோப்பாவின் காட்டோரங்களிலும் வயல்களிலும் வாழும் ரோ மான் சிறிய இனம். வளர்ந்த மானே 15 முதல் 30 கிலோதான் இருக்கும். பெரும்பாலும் இரட்டைக் குட்டி ஈனும். இரண்டையும் வெவ்வேறு இடத்தில் படுக்கவைத்துவிட்டுத் தாய் மேயப் போகும். நாளில் சில முறை வந்து பால் கொடுத்து நக்கிவிட்டுப் போகும். ஆள் அரவம் கேட்டால் குட்டி ஓடாது. காதை மடக்கி, கழுத்தை நீட்டி, தரையோடு தரையாக ஒட்டிக்கொள்ளும். முதுகின் வெள்ளைப் புள்ளிகள் புல்லுக்குள் விழும் வெயிலோடு கலந்துவிடும். கண் திறந்தே இருக்கும், உடம்பில் அசைவே இருக்காது. இதைப் பார்த்துத்தான் பலர் குட்டிக்கு உடம்பு முடியவில்லை என்று நினைத்துவிடுகிறார்கள்.

இந்த மானின் கர்ப்பம் அபூர்வமானது. ஜூலை, ஆகஸ்டில் இணை சேர்ந்தாலும் கரு உடனே கருப்பையில் பதியாது. ஏறக்குறைய ஐந்து மாதம் மிக மெதுவாக வளர்ந்து, டிசம்பர் கடைசி, ஜனவரி வாக்கில்தான் பதிந்து வேகமெடுக்கும். அதனால்தான் குட்டிகள் கடுங்குளிரில் பிறக்காமல், தளிரும் புல்பூண்டும் செழித்த காலத்தில் பிறக்கின்றன. பாலூட்டும் தாய்க்கு அந்தத் தீனி அவசியம். முரட்டு வைக்கோலைச் செரிக்கும் வயிறு இதற்கு இல்லை.

ஆனால் தீவனப்புல்லை முதல் முறை அறுப்பதும் அப்போதுதான். நரியிடமிருந்து காப்பாற்றும் அசையாமையே அறுக்கும் இயந்திரத்தின் முன் குட்டியைக் கொன்றுவிடுகிறது. கால்கள் அறுபட்டு வரும் குட்டிக்கு எங்களால் செய்ய முடிவது பெரும்பாலும் வலியில்லாத மரணம் மட்டுமே. வயலின் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக அறுத்தால் ஓடத் தெரிந்தவை தப்பும், பிறந்து சில நாளான குட்டி அப்போதும் நகராது. எனவே தேடித்தான் ஆக வேண்டும். விடியற்காலையில் தரை குளிர்ந்திருக்கும்போது வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோனைப் பறக்கவிட்டால் குட்டியின் உடல்சூடு பளிச்சென்று தெரியும். ஜெர்மனியில் இப்படித் தேடும் தன்னார்வக் குழுக்கள் நிறைய உண்டு. விவசாயிகள் முந்தின நாளே அவர்களிடம் சொல்லிவிடுவது நல்லது.

தவறுதலாகத் தூக்கிவிட்டீர்களா? சரி, எடுத்த இடத்திலேயே சீக்கிரம் வைத்துவிட்டு விலகிப் போங்கள். நாயைக் கயிற்றில் பிடித்துக்கொள்ளுங்கள். காயம், ஈ மொய்த்தல், விடாத கத்தல், அருகே செத்துக் கிடக்கும் தாய், இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் வனவிலங்கு மீட்பு மையத்தைக் கூப்பிடுங்கள். பசும்பால் கொடுக்காதீர்கள், கழிச்சல் கண்டுவிடும். வீட்டில் வைத்து வளர்க்கவும் ஆசைப்படாதீர்கள்: மனிதரிடம் பயமில்லாமல் வளர்ந்த கிடா, கொம்பு முளைத்ததும் மனிதரையே முட்டித் தாக்கும்.