தளர்ந்த முதியோருக்கான பராமரிப்புத் திட்டம்: இங்கிலாந்துச் சட்டம் தரும் உரிமை

இங்கிலாந்தில் 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி, உடல் தளர்ந்து பிறர் உதவி தேவைப்படுவதாகத் தோன்றும் முதியவர் எவருக்கும், அவரிடம் பணம் எவ்வளவு இருக்கிறது என்று பாராமல், உள்ளூர் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்), என்னென்ன உதவி வேண்டும் என்று பார்க்கும் தேவை மதிப்பீட்டை இலவசமாகச் செய்தாக வேண்டும். குடும்ப மருத்துவரின் கடிதத்துக்குக் காத்திராமல், முதியவரோ பிள்ளைகளோ கவுன்சிலின் சமூகப் பராமரிப்புப் பிரிவை நேரடியாகக் கேட்கலாம்.

உண்பது, குளிப்பது, உடுத்துவது, வீட்டுக்குள் பாதுகாப்பாக நடமாடுவது, உறவுகளைப் பேணுவது உள்ளிட்ட 10 வகைகளில் இரண்டேனும் நோயாலோ குறைபாட்டாலோ இயலாமற்போய், அது அவரது நலனைக் கணிசமாகப் பாதித்தால், உதவி பெறும் தகுதி உண்டு. ஒரு வேலையைத் தாமே செய்தாலும் கடும் வலியோடோ, வழக்கத்தைவிட மிக நீண்ட நேரம் எடுத்தோ, விழுந்துவிடும் ஆபத்தோடோ செய்பவரையும் சட்டம் இயலாதவராகவே கருதுகிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் மதிப்பிட வந்திருக்கும் அதிகாரியிடம் “எல்லாம் நானே செய்துகொள்கிறேன்” என்று சொல்லிவிடுவார்கள் என்பதால், எழுந்திருக்கவே முடியாத நாட்களில் நடப்பதைப் பிள்ளைகள் உடனிருந்து எடுத்துச்சொல்வது அவசியம். மருமகளோ மகனோ இப்போது கவனித்துக்கொள்கிறார் என்பதைக் காட்டித் தகுதியை மறுக்க முடியாது. அப்படிக் கவனிப்பவரும் தமக்கெனத் தனி மதிப்பீடு கோரலாம்.

தகுதி உறுதியாகி, கவுன்சில் தேவைகளை ஏற்கும்போது, முதியவரையும் கலந்து எழுத்து வடிவில் பராமரிப்புத் திட்டம் தயாரிக்கப்படும். எந்தத் தேவை எவ்வாறு நிறைவேற்றப்படும், அதற்கு ஆகும் செலவு எவ்வளவு, அதில் கவுன்சிலின் பங்கு என்ன என்பவை அதில் இருக்க வேண்டும். அதன் பிரதியும் அவருக்குத் தரப்பட வேண்டும். காலை உணவுக்கு முன் குளித்துப் பூசை செய்பவர் அந்த நேரத்தையும், சைவ உணவு உண்பவர் அதையும் திட்டத்தில் எழுதச் சொல்லலாம்.

பணக் கணக்கு தேவை மதிப்பீட்டுக்குப் பிறகுதான் வரும். சேமிப்பு 23,250 பவுண்டைத் தாண்டினால் செலவைப் பொதுவாக அவரே ஏற்க வேண்டும். வீட்டிலிருந்தபடியே உதவி பெறுபவர் குடியிருக்கும் சொந்த வீடு இதில் சேராது. கவுன்சில் ஒதுக்கும் தொகையை நேரடிப் பணமாகப் பெற்றுத் தாமே பணியாளரை அமர்த்தலாம், ஆனால் ஒரே வீட்டில் வாழும் நெருங்கிய உறவினருக்குச் சம்பளம் தருவதைக் கவுன்சில் சாதாரணமாக ஏற்பதில்லை.

திட்டம் ஆண்டுக்கு ஒருமுறையாவது மறுஆய்வு செய்யப்பட வேண்டும் என்பது அரசின் வழிகாட்டல். இடையில் விழுந்தாலோ மருத்துவமனையில் சேர்ந்து திரும்பினாலோ உடனே மறுஆய்வு கேட்கலாம்.