குருமனை: ‘கிளர்ஜி ஹவுஸ்’ மடம் ஆகாது

‘கிளர்ஜி ஹவுஸ்’ என்று கண்டாலே ‘துறவியர் மடம்’ என்று எழுதிவிடுகிறார்கள். மொழிபெயர்ப்புகளில் இதைப் படித்துப் படித்து எனக்கு அலுத்துவிட்டது. கிளர்ஜி என்றால் திருச்சபைக் குருமார். சொல் கிரேக்கத்தில் தொடங்கி இலத்தீன், பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. ஹவுஸ் என்றால் வீடு. இதில் மடம் எங்கே இருக்கிறது?

இங்கிலாந்தின் சசெக்ஸில் ஆல்ஃபிரிஸ்டன் என்ற ஊரில் உள்ள கிளர்ஜி ஹவுஸையே எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 1896இல், பழைய கட்டடங்களையும் இயற்கை அழகுள்ள இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் என்ற அமைப்பு 10 பவுண்டுக்கு வாங்கியது. அந்த அமைப்பு வாங்கிய முதல் கட்டடமே இதுதான். மரச்சட்டகம், வேய்ந்த கூரை, நடுவில் கூரை வரை திறந்த கூடம், இரு முனைகளிலும் மாடியோடு அறைகள். கூடத்துத் தரையில் சுண்ணக்கல்லை இடித்து இறுக்கி, புளித்த பால் ஊற்றிக் கெட்டியாக்கியிருக்கிறார்கள். கென்ட், சசெக்ஸ் பகுதிகளில் வசதியான விவசாயிகள் கட்டிய வீல்டன் வகை வீடும் இதே அமைப்புதான். மடத்துக்குரிய சுற்றுத் தாழ்வாரமோ, துறவிகள் வரிசையாகப் படுக்கும் கூடமோ, தனி ஜெபக்கூடமோ இங்கே இல்லை. கட்டடத்தின் படத்தை ஒரு தடவை பார்த்திருந்தால்கூட மடம் என்று எழுதக் கை வந்திருக்காது.

சிலர் ‘ஆயரகம்’ என்கிறார்கள். கத்தோலிக்கர் வழக்கில் ஆயர் என்றால் பிஷப். படிப்பவர் பிஷப் மாளிகையைத்தான் நினைப்பார்.

சரி, புதுச்சொல் எதற்கு? தமிழ்ச் சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபைகளில் குரு குடியிருக்கும் வீட்டுக்குக் ‘குருமனை’ என்ற சொல் வழக்கில் இருக்கிறதே! மனை என்றால் இன்று காலி நிலம்தானே என்பார்கள். விளம்பரக்காரர்கள் சுருக்கிய பொருள் அது; இல்லம் என்பதே பழைய பொருள். மனைவி, மனையறம் எல்லாம் அதிலிருந்து வந்தவை. ஆல்ஃபிரிஸ்டன் வீடு எழுந்த காலத்தில் குருமார் மணம் செய்யக்கூடாது, 1549இல்தான் இங்கிலாந்தில் சட்டம் அதை அனுமதித்தது, ஆகவே மனை பொருந்தாது என்றும் ஒரு வாதம் வரலாம். மணமாகாதவர் குடியிருந்தாலும் வீடு வீடுதான்.

ரெக்டரி, விகரேஜ் இரண்டுக்கும் குருமனையே போதும். ரெக்டர், விகர் என்ற இருவகைப் பங்குக் குருக்களின் வீடுகள் அவை. விளைச்சலில் பத்தில் ஒரு பங்காகச் சபைக்குத் தருவது தசமபாகம். தானியம் உள்ளிட்ட பெருந்தசமபாகம் ரெக்டருக்கு, சிறுதசமபாகம் விகருக்கு. வேறுபாடு வருமானத்தில் இருந்தது. அது தேவைப்படும் இடத்தில் ஒரு வரி சேர்த்து எழுதினால் ஆயிற்று. ரெக்டர் எனப்படும் பல்கலைக்கழகத் தலைவரை நினைத்துக்கொண்டு கிராமத்துக் குருவின் வீட்டை ‘அதிபர் இல்லம்’ என்று எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.