பின்னால் வரும் பஸ் ஏன் காலியாக வருகிறது?

மதுரை பசுமலை பஸ் ஸ்டாப்பில் காலை எட்டே முக்காலுக்கு நிற்கிற யாருக்கும் இந்தக் காட்சி புதிதாக இருக்காது. பெரியார் பஸ் ஸ்டாண்ட் போகும் டவுன் பஸ்ஸுக்காக மூலக்கரைப் பக்கமே கழுத்தை நீட்டிக்கொண்டு கால் மணி நேரத்துக்கு மேல் நிற்போம். ஒருவழியாக ஒரு வண்டி வரும். இடது பக்கம் சாய்ந்து, படிக்கட்டில் நான்கு பேர் தொங்க, உள்ளிருந்து கண்டக்டரின் குரல் மட்டும் கேட்கும். ஏற முடிந்தவர்கள் ஏறுவார்கள். இரண்டு விசில் அடித்து அது கிளம்பிய புழுதி அடங்குவதற்குள், அதே பெரியார் போர்டோடு இன்னொரு வண்டி வந்து நிற்கும். அதில் ஜன்னலோர சீட்டே காலியாக இருக்கும்.

எங்கள் ஸ்டாப்பில் தினமும் நிற்கும் ஓர் அக்கா விளக்குத்தூண் பக்கம் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கிறார். பத்து நிமிடம் பிந்தினால் கடையில் பேச்சு வாங்க வேண்டும். "ரெண்டு டிரைவரும் டீக்கடையில பேசி வச்சுக்கிட்டுத்தான் கிளம்புறாங்க தம்பி" என்பார். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பியிருந்தேன். விஷயத்தைத் தேடிப் படித்த பிறகு அந்த டிரைவர்கள்மேல் இருந்த கோபம் போய்விட்டது. யாரும் பேசி வைக்க வேண்டியதில்லை. எல்லோரும் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்த்தாலும், ஒரே தடத்தில் ஓடும் பஸ்கள் தாமாகவே ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்.

எப்படி என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திருமங்கலத்திலிருந்து 10 நிமிடத்துக்கு ஒரு வண்டி கிளம்புகிறது என்று வையுங்கள். வழியில் ஒவ்வொரு ஸ்டாப்புக்கும் நிமிடத்துக்கு 2 பேர் வந்து சேர்கிறார்கள். ஓர் ஆள் ஏற 3 விநாடி. எல்லாம் சரியாக நடந்தால் ஒரு ஸ்டாப்பில் 20 பேர் நிற்பார்கள், அவர்கள் ஏற ஒரு நிமிடம் ஆகும். இதில் சிக்கல் இல்லை.

இப்போது முதல் வண்டிக்கு முன்னால் ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கிறது. 2 நிமிடம் போச்சு. அடுத்த ஸ்டாப்பில் 20 பேருக்குப் பதிலாக 24 பேர் நிற்கிறார்கள். கூடுதலாக வந்த 4 பேர் ஏற 12 விநாடி. ஆக, 2 நிமிடத் தாமதம் 2 நிமிடம் 12 விநாடி ஆகிவிட்டது. அதற்கடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் கொஞ்சம் கூடும், தாமதமும் கூடும். வட்டிக்கு வட்டி போடுவது போல, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தாமதம் பத்தில் ஒரு பங்கு வளர்கிறது. பத்தாவது ஸ்டாப் வரும்போது 2 நிமிடம் 5 நிமிடத்தைத் தாண்டியிருக்கும்.

பின்னால் வரும் வண்டியின் கதை இதற்கு நேரெதிர். முன்னால் போனவர் எல்லோரையும் அள்ளிக்கொண்டு இப்போதுதான் போயிருக்கிறார். அதனால் இவருக்கு 20 பேருக்குப் பதில் 16 பேர்தான். 12 விநாடி மிச்சம். அடுத்த ஸ்டாப்பில் இன்னும் குறைவான பேர், இன்னும் மிச்சம். முன்னவர் பின்தங்கிக்கொண்டே வர, பின்னவர் முந்திக்கொண்டே வர, இதே கணக்கில் பத்தாவது ஸ்டாப்பில் இரண்டுக்கும் நடுவே பத்து விநாடிகூட இருக்காது. உட்கார்ந்து பேப்பரில் போட்டுப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு லாரி எடுத்த 2 நிமிடம், 10 நிமிட இடைவெளி முழுவதையும் தின்றுவிட்டது!

நிஜத்தில் நிலைமை இதைவிட மோசம். நம் டவுன் பஸ்ஸில் டிக்கெட் உள்ளேதான் போடுகிறார்கள். கூட்டம் நெரிந்தால் கண்டக்டரால் ஆளுக்குள் புகுந்து வர முடியாது. அடுத்த ஸ்டேஜ் வருவதற்குள் டிக்கெட் போட்டு முடிக்க வேண்டும் என்பதால், சில சமயம் வண்டியை ஓரங்கட்டச் சொல்லிவிட்டு அவர் பாக்கி டிக்கெட்டைப் போடுவதைப் பார்த்திருப்பீர்கள். இறங்க வேண்டியவர்களும் நெரிசலைப் பிளந்துகொண்டு வாசலுக்கு வர வேண்டும். 20 பேருக்கு ஆகும் நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரத்தில் 40 பேருக்கு முடியாது, அதற்கும் மேலே இழுக்கும்.

பஸ்கள் இப்படி ஒட்டிக்கொள்வதை முதன்முதலில் கணிதமாக எழுதிக் காட்டியவர்கள் கார்டன் நியூவெல், ரென்ஃப்ரே பாட்ஸ் என்ற இருவர், 1964-இல். ஒரு கோலிக்குண்டைச் சட்டிக்குள் போட்டால் தட்டிவிட்டாலும் திரும்ப அடியில் வந்து நின்றுகொள்ளும். சட்டியைக் கவிழ்த்து அதன் தலையில் வைத்தால், ஈ உட்கார்ந்தாலே உருண்டுவிடும். சம இடைவெளியில் ஓடும் பஸ்கள் கவிழ்த்த சட்டியின் மேல் நிற்கும் கோலிகள்தான். தட்டிவிடுவதற்கு மதுரையில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. பழங்காநத்தம் ரவுண்டானா, பள்ளிக்கூடம் விடும் நேரம், முகூர்த்த நாள், சித்திரைத் திருவிழாவுக்கு வழி மாற்றிவிடும் பத்து நாள். கோயிலைச் சுற்றிச் சதுரம் சதுரமாக நாயக்கர் காலத்தில் அமைந்த வீதிகள் தேருக்கும் நடைக்கும் ஆனவை. கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்து வெளிவீதிகளை உண்டாக்கினார். நகரத்துக்குள் வரும் வண்டிகள் இன்றும் அந்த வெளிவீதிகளைச் சுற்றித்தான் நெருக்கியடித்துக்கொண்டு திரும்புகின்றன.

சரி, மணிக்கு 6 வண்டி என்றால் எப்படி வந்தாலும் 6 தானே, ஒட்டி வந்தால் என்ன, விலகி வந்தால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் இன்னொரு வேடிக்கையான கணக்கு இருக்கிறது. 10 நிமிடத்துக்கு ஒன்றாகச் சரியாக வந்தால், எந்த நேரத்தில் ஸ்டாப்புக்குப் போனாலும் சராசரியாக 5 நிமிடம் காத்திருப்போம். அதே வண்டிகள் 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறி மாறி வந்தால்? சராசரி இடைவெளி அப்போதும் 10 நிமிடம்தான். ஆனால் நாம் ஸ்டாப்புக்குப் போகிற நேரம் அந்த 18 நிமிட இடைவெளிக்குள் விழுவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், பத்துக்கு ஒன்பது. அப்படி விழுந்தால் சராசரியாக 9 நிமிடக் காத்திருப்பு. மொத்தமாகப் பார்த்தால் 8 நிமிடத்துக்கு மேல் வருகிறது. பேப்பரில் 5, காலில் 8.

நெரிசலும் இதே மாதிரிதான். நிமிடத்துக்கு ஓர் ஆள் வந்தால், முதல் வண்டியில் 18 பேர் ஏறுவார்கள், அடுத்ததில் 2 பேர். ஒரு வண்டிக்குச் சராசரி 10 பேர் என்று ரிப்போர்ட் சொல்லும். அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த 20 பேரில் 18 பேர் நெரிசலைத்தான் பார்த்தார்கள். காலி வண்டியைப் பார்த்தவர்கள் 2 பேர்தான். "எல்லா பஸ்ஸும் கூட்டமாத்தான் இருக்கு" என்று ஒரு பயணி சொன்னால் அவர் மிகைப்படுத்தவில்லை, அவர் ஏறிய பஸ்களைப் பற்றி உண்மையைச் சொல்கிறார். போக்குவரத்தைத் திட்டமிடுகிறவர்கள் வண்டியை எண்ணுவதை விட்டுவிட்டு ஆட்களை எண்ண வேண்டும் என்று நான் விடாமல் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

இதுவரை சொன்னது கடிகாரம் காட்டும் நேரம். மனசு காட்டும் நேரம் வேறு. வேறு வேலையில் கவனம் இருந்தால் நேரம் ஓடிவிடுகிறது. நேரத்தையே கவனித்துக்கொண்டிருந்தால் நீள்கிறது. எப்போது முடியும் என்று தெரியாத காத்திருப்பு, தெரிந்த காத்திருப்பைவிட நீளமாகத் தெரியும் என்று டேவிட் மெய்ஸ்டர் 1985-இல் எழுதினார். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் இதைப் பஸ் ஸ்டாப்பிலேயே வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். வண்டி எங்கே வருகிறது என்று போனில் பார்க்க முடிந்தவர்கள், தாங்கள் நின்ற நேரத்தைக் கிட்டத்தட்டச் சரியாகச் சொன்னார்கள். பார்க்க முடியாதவர்கள் நின்றதைவிடக் கூடுதலாகச் சொன்னார்கள். 2011-இல் அந்த முடிவு வெளியானது.

உடம்பும் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறது. பதற்றம் வந்தால் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். அதை எச்சிலிலேயே அளந்துவிடலாம். கேரி எவன்ஸ், ரிச்சர்ட் வெனர் என்ற ஆய்வாளர்கள் நியூ ஜெர்சியிலிருந்து நியூயார்க்குக்கு ரயிலில் வேலைக்குப் போகிறவர்களிடம் அளந்து பார்த்தார்கள். பயணம் எப்படி அமையும் என்று கணிக்க முடியாதவர்களுக்குப் பதற்றம் கூடுதலாக இருந்தது. அவர்கள் கண்ட இன்னொரு விஷயம் நமக்கு இன்னும் நெருக்கம். மொத்தப் பெட்டியில் எவ்வளவு கூட்டம் என்பது உடம்பை அவ்வளவாகப் பாதிக்கவில்லை. நாம் உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு சீட்டில் எத்தனை பேர் என்பதுதான் பாதித்தது. மூன்று பேர் சீட்டில் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு பக்கமும் தோள் இடிக்க, மடியில் பையை இறுக்கிக்கொண்டு பெரியார் வரை வந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

பழகிவிடும் என்பார்கள். அதுவும் முழு உண்மை இல்லை. ப்ரூனோ ஃப்ரை, அலாய்ஸ் ஸ்டட்சர் என்ற பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் பல ஆண்டுகளாகத் திரட்டிய தகவலை அலசினார்கள். தூரமாகப் போய்வருகிறவர்களுக்கு நல்ல சம்பளமோ குறைந்த வாடகையோ அந்தச் சிரமத்துக்கு ஈடாகக் கிடைத்திருக்க வேண்டும் என்பதுதான் பொருளாதாரத்தின் எதிர்பார்ப்பு. ஆனால் பயண நேரம் கூடக் கூட, வாழ்க்கையில் திருப்தி குறைந்துகொண்டேதான் போனது. டேனியல் கானமன் குழுவினர் 2004-இல் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை ஒவ்வொரு வேளையாக நினைத்துப் பார்க்கச் சொன்னபோதும், மகிழ்ச்சி தந்தவற்றின் வரிசையில் காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் கடைசி இடத்தில் நின்றது. சொந்த வீடு மலிவாகக் கிடைக்கிறது என்று திருமங்கலம் தாண்டிக் குடிபோகிற நண்பர்களிடம் நான் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. சதுர அடி விலையை எல்லோரும் கேட்கிறார்கள், கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று யாரும் கேட்பதில்லை.

இதற்கு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. பழைய வழி, டைம் கீப்பர். முந்தி வந்த வண்டியைப் பிடித்து நிறுத்தி இடைவெளி விட்டு அனுப்புவது. அட்லாண்டாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்து பஸ்களில் பார்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற இருவர் நேர அட்டவணையையே தூக்கிவிட்டார்கள். கடைசி ஸ்டாப்பில் ஒவ்வொரு வண்டியும், பின்னால் வருகிறது எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்கபடி நின்றுவிட்டுக் கிளம்பும். இடைவெளி தானாகவே சீரானது. 2012-இல் அதை எழுதியிருக்கிறார்கள். பின்னால் வரும் காலி வண்டி முன்னதை முந்திப் போய் அடுத்த ஸ்டாப் கூட்டத்தை ஏற்றிக்கொண்டாலும் சுமை பாதியாகும். நிரம்பிய வண்டி ஸ்டாப்பில் நிற்காமல் போவதும் கணக்குப்படி சரிதான். ஆனால் நிற்பவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மாதச் சம்பளத்தில் அது எவ்வளவு பெரிய மிச்சம் என்று அந்த ஜவுளிக்கடை அக்கா விரல் விட்டுக் கணக்குச் சொல்வார். ஒரு வண்டி நிற்காமல் போனால் ஷேர் ஆட்டோவுக்குக் கொடுக்கும் காசில் அந்த மிச்சம் போய்விடுகிறது.

போன மாதம் ஒருநாள் அப்படித்தான் ஒரு வண்டி பிதுங்கிக்கொண்டு வந்தது. அக்கா சேலையைச் செருகிக்கொண்டு படிக்கட்டுக்கு ஓடினார். கண்டக்டர் பின்படியிலிருந்து தலையை நீட்டி, "பின்னாடியே ஒண்ணு காலியா வருதுக்கா, மூலக்கரையத் தாண்டிருச்சு" என்றார். அவர் சொன்னது அவ்வளவுதான். ஓடியவர் நின்றுவிட்டார். அவரோடு ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். முன்வண்டி அந்த ஏழெட்டுப் பேருக்கு ஆகும் அரை நிமிடத்தை மிச்சம் பிடித்துக் கிளம்பியது. இரண்டு நிமிடத்தில் அடுத்தது வந்தது. எல்லோருக்கும் உட்கார இடம்.

சிகாகோ ரயில்களில் 2014-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகப் பயணிகளைப் பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே போகச் சொன்னார்கள். அது தொல்லையாக இருக்கும் என்றுதான் மற்றவர்கள் கணித்தார்கள். பேசியவர்களோ, பேசாமல் போனவர்களைவிடப் பயணம் நன்றாக இருந்தது என்றார்கள். அக்கா எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த கல்லூரிப் பெண்ணிடம் தன் மகள் பிளஸ் டூவுக்குப் பிறகு என்ன படிக்கலாம் என்று கேட்டுக்கொண்டு வந்தார். ஆண்டாள்புரம் போனது, கிரைம் பிராஞ்ச் ஸ்டாப் போனது. "பெரியார் எல்லாம் இறங்குங்க" என்று குரல் வந்த பிறகுதான் அவர் பையைத் தேடினார்.