கமஆய்னா: மண்ணின் மைந்தரா, ஊர் பழகியவரா?

ஹவாயின் வைகிகி கடற்கரையின் கிழக்குக் கோடியில் டயமண்ட் ஹெட் என்ற பழைய எரிமலை வாய் இருக்கிறது. அதன் உச்சிக்கு ஏற வெளியூராருக்கு 5 டாலர் கட்டணம். 2022 முதல் முன்பதிவும் செய்தாக வேண்டும். ஹவாய் மாநில அடையாள அட்டை வைத்திருப்பவர் அதைக் காட்டிவிட்டு ஒரு காசும் கொடுக்காமல் உள்ளே போய்விடுவார். ஹோட்டல்களிலும் உணவகங்களிலும் இதே போன்ற சலுகைகள் உண்டு. அந்தச் சலுகைக்கு அங்கே வழங்கும் பெயர் கமஆய்னா. கல்லாவில் இருப்பவர் ‘கமஆய்னா?’ என்று கேட்கும்போது, அலோஹா மாதிரி இதுவும் ஒரு முகமன் போலிருக்கிறது என்று தலையாட்டிவிடாதீர்கள். அடுத்து அட்டையைக் கேட்பார்.

சொல்லைப் பிரித்தால் கம, ஆய்னா என்று இரண்டு துண்டு. கம என்றால் பிள்ளை. ஆய்னா என்றால் நிலம். நிலத்தின் பிள்ளை.

பொருளுக்குள் போகும் முன் ஒலியைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ‘கம’வுக்குப் பின் ‘ஆய்னா’ வந்தால் தமிழ் நாக்கு சும்மா இருக்காது. உடம்படுமெய் சேர்த்து ‘கமவாய்னா’ என்று இழுத்துவிடும். ஹவாய் மொழி செய்வது நேர் எதிர். இரண்டு உயிருக்கும் நடுவே தொண்டையை ஒரு கணம் அடைத்துத் திறக்கிறார்கள். அந்த அடைப்புக்கு ஓகினா என்று பெயர். ‘வெட்டு’ என்று பொருள். அது வெறும் குறி இல்லை, அந்த மொழியின் மெய்யெழுத்துகளில் ஒன்று. நாம் உயிர்களை ஒட்டவைக்கும் இடத்தில் அவர்கள் வெட்டுகிறார்கள். குறில், நெடில் வேறுபாடு மட்டும் நம்மைப் போலவே கறாரானது. முதல் உயிரை நீட்டி ‘ஆய்னா’ என்றால் நிலம்; குறுக்கி ‘அய்னா’ என்றால் ஒரு வேளைச் சாப்பாடு.

நிலமும் சாப்பாடும் இத்தனை அருகில் இருப்பதால், ‘அய்’ என்ற உண்ணுதல் வினையிலிருந்தே ஆய்னா பிறந்தது, நிலம் என்றால் ‘ஊட்டுவது’ என்று ஹவாயில் விளக்கம் சொல்வார்கள். சுற்றுலா வழிகாட்டிகள் முதல் பள்ளி ஆசிரியர்கள் வரை பலரும் சொல்லும் அழகான விளக்கம்தான். ஆனால் உறவு மொழிகளையும் கேட்டுவிடுவது நல்லது. நியூசிலாந்துப் பூர்வகுடிகளின் மாவோரி மொழியில் காயிங்கா என்றால் குடியிருப்பு, ஊர். சமோவாவில் ஆயிங்கா என்றால் குடும்பம். பழைய ககரம் ஹவாயில் தொண்டை அடைப்பாக மாறியது, ‘ங்’ ஒலி ‘ன்’ ஆனது. காயிங்கா அப்படித்தான் ஆய்னா ஆயிற்று. பழைய தகரம் ககரமானது, மாவோரியின் தமா, அதாவது மகன், அங்கே கம ஆனான். ஆக இந்தச் சொல்லில் சோற்றை விட வீட்டின் வாசனைதான் எனக்குத் தூக்கலாகத் தெரிகிறது. (தமா என்றதும் ‘தம் மகன்’ என்று தமிழோடு முடிச்சுப் போட ஒருவர் கிளம்புவார். அவரை உட்காரச் சொல்லுங்கள்.)

தமிழில் இதை எப்படிச் சொல்வது? ‘மண்ணின் மைந்தர்’ என்று கை தானாக எழுதிவிடும். சொல்லுக்குச் சொல் அவ்வளவு பொருத்தம். அதனால்தான் அது பொறி. நம் மேடைகளில் மண்ணின் மைந்தர் என்பவர் பிறப்பால் இந்த ஊர்க்காரர். வந்தவருக்கு எதிராக நிற்பவர். கமஆய்னா அட்டையைக் காட்டுபவரோ ஜப்பானிய, சீன, போர்த்துக்கீசிய, பிலிப்பினோ வம்சத்தவராக இருக்கலாம். கரும்புத் தோட்டக் கூலிகளாக வந்தவர்களின் கொள்ளுப் பேரனாக இருக்கலாம். கலிபோர்னியாவிலிருந்து குடிபெயர்ந்து புதிதாக ஓட்டுநர் உரிமம் வாங்கியவராகவும் இருக்கலாம். ரத்தத்தை யாரும் கேட்பதில்லை.

ரத்தத்தைக் கேட்கும் சொற்கள் வேறு: கனக்க மஓலி, கனக்க ஓஇவி. இரண்டும் தீவுகளின் பூர்வகுடியைக் குறிப்பவை. ஓஇவிக்குள் இருக்கும் ‘இவி’ எலும்பு. மூதாதையர் எலும்பு புதைந்த மண்ணுக்கு உரியவர் என்ற உணர்வு அதில் இருக்கிறது. மண்ணின் மைந்தர் என்ற நம் தொடரை எங்காவது வைத்தே ஆக வேண்டுமென்றால் இங்கே வைக்கலாம். போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கலிபோர்னியாவில் வசிப்பவர் எல்லோரும் கலிபோர்னியர். ஹவாயில் வசிப்பவர் எல்லோரும் ஹவாயியர் இல்லை. அந்தப் பெயர் பூர்வகுடிக்கு மட்டும். மற்றவர்கள் தங்களை ‘லோக்கல்’ என்பார்கள், பெருமையாகவே. சென்னையில் அதே சொல்லைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்.

கமஆய்னா என்ற சொல்லின் தாராளத்துக்கு ஒரு கசப்பான பக்கமும் இருக்கிறது. 1820இல் வந்திறங்கத் தொடங்கிய மிஷனரிகளின் வாரிசுகளும் தோட்ட முதலாளிகளும் தங்களைக் கமஆய்னா குடும்பங்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். 1893இல் அரசி லிலிஉஓகலானியின் ஆட்சியைக் கவிழ்த்ததில் முன்னின்ற லாரின் தர்ஸ்டனும், அதன்பின் அமைந்த அரசுக்குத் தலைவரான சான்ஃபோர்ட் டோலும் ஹவாயிலேயே பிறந்தவர்கள், நிலத்தின் பிள்ளைகள்தான். 1896இல் பள்ளிகளின் பயிற்றுமொழி ஆங்கிலம் என்று சட்டம் வந்தது. ஹவாய் மொழி மீண்டும் ஆட்சிமொழித் தகுதி பெற 1978 ஆகிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் பேச்சு மெலிந்துகொண்டே போக, இந்தச் சொல் மட்டும் கட்டணப் பலகையில் ஏறிப் பிழைத்துக்கொண்டது.

ஆனால் சொல்லின் உண்மையான கனம் தெரிய வேண்டுமென்றால் பலகையை விட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். 1848இல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் நிலங்களைப் பிரித்துக் கொடுத்தபோது பெரும்பாலும் அளந்து கொடுக்கவில்லை. பெயர் சொல்லிக் கொடுத்தார். மலை உச்சியிலிருந்து கடல் வரை நீளும் அஹுபுவஅ என்ற பிரிவின் பெயர் ஆவணத்தில் இருக்கும், எல்லை இருக்காது. பிற்பாடு எல்லைகளை முடிவுசெய்ய ஆணையர்களை நியமித்தார்கள். அவர்கள் கூப்பிட்டு விசாரித்தது அந்தந்த இடத்தின் கமஆய்னாக்களை. இந்தப் பாறையிலிருந்து அந்த ஓடை வரை, அங்கிருந்து மேட்டுக்கு, இது எனக்கு என் தகப்பன் காட்டியது என்று அவர்கள் சொன்னது எழுதப்பட்டது, சட்டமானது. ‘பனைமரத்துக்குக் கிழக்கே, வாய்க்காலுக்கு வடக்கே’ என்று பத்திரம் எழுதிய நமக்கு இது எளிதில் புரியும்.

நூறாண்டு கழித்தும் இந்தச் சாட்சியம் செல்லுபடியானது. மொலோகாய் தீவில் ஒரு நிலம். பழைய பட்டாவில் அதன் எல்லை ‘மா கே காய்’, கடலோரமாக, என்று மட்டும் இருந்தது. கடலோரம் என்றால் எது? கடல் ஏற்றவற்ற அளவீட்டுக் கணக்கில் வரும் கீழ்க்கோடா, அலை ஏறி வந்து குப்பையும் பாசியும் ஒதுக்கும் மேல்கோடா? 1968இல் ஹவாய் உச்ச நீதிமன்றம் கமஆய்னாக்களின் சாட்சியத்தை ஏற்று மேல்கோட்டையே எல்லையாகக் கொண்டது. அதற்குக் கீழே உள்ள மணல் பொதுச் சொத்து. இன்று ஹவாய்க் கடற்கரையில் பயணி துண்டு விரித்துப் படுக்கும் இடத்துக்குப் பின்னால் இந்தச் சொல்லும் இருக்கிறது.

கமஆய்னா வழி சொல்வதைக் கேட்டாலும் இதே அறிவு தெரியும். வலது, இடது என்று அவர் சொல்ல மாட்டார். மௌகா என்றால் மலைப் பக்கம், மகாய் என்றால் கடல் பக்கம். மேடான பக்கத்தை மேற்கு என்றும் தாழ்ந்த பக்கத்தைக் கிழக்கு என்றும் பெயரிட்ட மொழிக்காரர்களுக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஆகவே கமஆய்னா என்பது பிறப்புச் சான்றிதழ் இல்லை, பழக்கம். அகராதியிலும் அதற்குப் ‘பரிச்சயமான’ என்ற பொருள் உண்டு. இடம் அறியாத புதியவருக்கு அவர்கள் வைத்திருக்கும் எதிர்ச்சொல் மலிஹினி. புதியவர், விருந்தாளி இரண்டும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். இங்கேதான் தமிழ் கை கொடுக்கிறது. விருந்து என்ற சொல்லுக்கே புதுமை என்பதுதான் பழைய பொருள். தொல்காப்பியம் அப்படித்தான் ஆள்கிறது. புதிதாக வந்தவர் விருந்தானார், பிறகு அவருக்குப் போட்ட சாப்பாடும் விருந்தானது. எதிர்ப்பக்கத்தில் பழகு, பழக்கம், பழைமை. நெடுநாள் நட்புக்குத் திருக்குறள் வைத்த பெயர் பழைமை. எனவே மலிஹினிக்கு விருந்தினர், கமஆய்னாவுக்கு ஊர் பழகியவர் என்பது என் தேர்வு. கட்டணப் பலகையில் மட்டும் ‘உள்ளூரார் கட்டணம்’ போதும். ஐந்து டாலருக்கு அதற்கு மேல் கவிதை வேண்டாம்.

மலிஹினி எப்போது கமஆய்னா ஆகலாம் என்பதற்கு ஹவாயில் ஒரு பழமொழி இருக்கிறது: ‘ஹொஒகஹி நோ லா ஓ கா மலிஹினி.’ விருந்தாளியாக இருப்பது ஒரே ஒரு நாள். மறுநாள் முதல் வீட்டு வேலையில் கை கொடுக்க வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் கணக்கு. அவர்களை விட இரண்டு நாள் கூடுதலாக உட்கார்ந்து சாப்பிடலாம்.