இமைவாதம் அன்று, இமைத்தொய்வு

'இமைவாதம்: காரணமும் சிகிச்சையும்' என்று தலைப்பிட்ட துண்டறிக்கை ஒன்று மறுபடியும் கைக்கு வந்தது. மேலிமை கீழிறங்கிக் கண்மணியை மறைக்கும் நிலைக்கு மருத்துவர்கள் சொல்லும் பெயர் டோசிஸ். அதற்கு 'வாதம்' என்று பெயர் சூட்டியவர் இமையையும் பார்க்கவில்லை, வாதத்தையும் பார்க்கவில்லை.

டோசிஸ் கிரேக்கச் சொல். 'விழுதல்' என்று பொருள். எழுத்தில் முன்னால் ஒரு 'ப்' உண்டு. ஆங்கிலத்தார் அதை விழுங்கிவிட்டார்கள். கிரேக்க இலக்கணத்தில் வேற்றுமைக்கும் இதுவே பெயர். சொல்லின் கதை இவ்வளவுதான். இதில் வாதம் எங்கிருந்து வந்தது?

பக்கவாதம், முகவாதம் என்னும்போது நாம் செயலிழப்பைச் சொல்கிறோம். முதியவர்களின் இமை பெரும்பாலும் செயலிழந்து இறங்குவதில்லை. இமையைத் தூக்கும் தசையின் நாண் நைந்து நெகிழ்ந்துவிடுகிறது. தசையும் நரம்பும் நன்றாகவே இருக்கின்றன. பல ஆண்டுகள் கான்டாக்ட் லென்ஸ் அணிந்தவர்களுக்கும், கண்புரை அறுவை செய்துகொண்டவர்கள் சிலருக்கும் இதுவே நேர்கிறது. பிறவியிலேயே வரும் தொய்வில் அந்தத் தசை சரியாக வளர்ந்திருக்காது. இவற்றுக்கெல்லாம் வாதம் என்று பெயரா? இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. முகவாதத்தில் இமை மூடாது. டோசிஸில் இமை திறக்காது. 'இமைவாதம்' என்று படிப்பவர் முகவாதத்தை நினைத்துக்கொண்டால் நோயைத் தலைகீழாகப் புரிந்துகொள்வார். பக்கவாதத்தை நினைத்துக்கொண்டால் வீணாக நடுங்குவார். தளர்ந்தது எதைக் கண்டாலும் 'வாதம்' என்று ஒட்டிவிடுவது மொழிபெயர்ப்பாளர்களுக்குக் கைப்பழக்கமாகிவிட்டது.

'சோம்பேறிக் கண்' என்பாரும் உண்டு. அது வேறு நோய்: மூளை ஒரு கண்ணின் பார்வையைப் புறக்கணிப்பது. குழந்தையின் தொய்ந்த இமை பார்வையை மறைத்தால் அந்த நோய் வரக்கூடும். காலம் கடத்தினால் பின்னர் இமையைத் தூக்கினாலும் பார்வை முழுதும் திரும்பாமல் போகலாம். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தால், 'இதனால் அது வரும்' என்று தாயிடம் மருத்துவர் எப்படிச் சொல்வார்?

'இமை இறக்கம்' மோசமில்லை. கிரேக்கத்துக்கும் அருகில் நிற்கிறது. ஆனால் குடலிறக்கம், கருப்பை இறக்கம் என்று உறுப்பு இடம் நழுவுவதற்கு அதை ஏற்கெனவே கொடுத்துவிட்டோம்.

என் தேர்வு இமைத்தொய்வு. கயிறு தொய்கிறது, பந்தல் தொய்கிறது. தொய்ந்ததை இழுத்துக் கட்டலாம். அறுவை மருத்துவர் செய்வதும் அதுதான்: தூக்கும் தசையைச் சுருக்கி முன்னிழுத்துத் தைக்கிறார். தசைக்கு வலுவே இல்லையென்றால் தொடையிலிருந்து எடுத்த திசுப்பட்டையாலோ சிலிக்கோன் இழையாலோ இமையை நெற்றித் தசையோடு பிணைக்கிறார். நோயாளியே அறியாமல் செய்துகொண்டிருந்ததும் இதுதான்: மேற்புறப் பார்வை மறைவதால் புருவத்தை ஏற்றி, முகவாயைத் தூக்கிப் பார்த்துப் பார்த்து நெற்றியும் கழுத்தும் வலித்துப்போயிருக்கும். அறுவை வேண்டாதவர்களுக்கு இமைதாங்கி பொருத்திய கண்ணாடி உண்டு. பெரியவர்களுக்கு வரும் தொய்வில் சிலவற்றுக்குச் சில மணி நேரம் இமையைச் சற்று உயர்த்தும் சொட்டுமருந்து ஒன்றுக்கு அமெரிக்காவில் 2020இல் அனுமதி கிடைத்தது.

வாதம் பொருந்தும் இடமும் ஒன்று உண்டு. மூன்றாம் மூளை நரம்பு செயலிழந்து இமை திடீரென விழலாம்; கூடவே பொருள் இரண்டாகத் தெரிந்தாலோ, கண்மணி விரிந்திருந்தாலோ, கடுமையான தலைவலி இருந்தாலோ உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். அதை நரம்புவாதம் என்று சொல்லுங்கள், மறுக்கவில்லை. அப்போதும் வாதம் நரம்புக்குத்தான். இமைக்கு வந்திருப்பது தொய்வு.